ஓதிய தண்ணீரும் ஒரு ஸ்கேன் படமும்



அரபுக் கல்லூரியில் ஓதி வெளியேறி, இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒரு மௌலவி, மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். என் குடும்பத்தில் நடந்த ஒரு காரியமே என்னை எழுத வைத்தது. அதில் என் தவறும் இருக்கிறது.

வலப்பனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி என் ராத்தா இருக்கிறார். அவருடைய மகள் ஹிப்ழ் ஓதி வந்தாள். பதினான்கு வயதில், ஓதிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிறுத்திவிடுவாள். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். வாய் சப்புக் கொட்டும். விரல்கள் முக்காட்டின் ஓரத்தைப் பிசையும். கூப்பிட்டால் பதில் வராது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் தூக்கத்திலிருந்து எழுந்தவளைப் போலப் பார்ப்பாள். “வயித்துக்குள்ளால என்னமோ மேலே ஏறி வருது மாமா, பயமா இருக்கு” என்பாள்.

அவள் கீழே விழவில்லை. கை கால் இழுக்கவில்லை. ஆகவே வலிப்பு என்று எவருக்கும் தோன்றவில்லை. மஃரிப் நேரத்தில் தேயிலை மலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் வந்தவள், ஜின் தீண்டிவிட்டது என்று அக்கம் பக்கத்தார் முடிவு கட்டினார்கள்.

ராத்தா என்னிடம்தான் வந்தார். “தம்பி, நீயே ஓதிப் பாரு. வெளியே தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு முடிப்பாங்க?” என்று அழுதார். நானும் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஓதியதில் தவறில்லை. அல்லாஹ்வின் வேதத்தில் ஷிஃபா உண்டு என்று ஈமான் கொண்டவர்கள் நாம். “டொக்டரிடமும் காட்டுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே, அதுதான் தவறு. ஒன்றரை வருடம் அப்படியே கழிந்தது. அதற்குள் பாடமாக்கிய ஜுஸ்உகளும் அவளுக்கு மறக்கத் தொடங்கின. பிள்ளைக்குக் கவனமில்லை என்று நான் கடிந்துகொண்ட நாட்களும் உண்டு. இன்று நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

ஒருநாள் அடுப்படியில் கேத்தலைத் தூக்கிய கையோடு அது வந்துவிட்டது. கொதிநீர் கையில் கொட்டுண்டது. காயத்துக்கு மருந்து கட்டப் போன இடத்தில்தான் ஒரு டொக்டர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். “சின்ன வயசில காய்ச்சலோட வலிப்பு வந்ததா?” என்று விசாரித்தார். ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்ததை ராத்தா அப்போதுதான் சொன்னார்.

படியபெலல்ல, ரிக்கில்லகஸ்கட வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறினோம். முதலில் மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை, பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

அந்த இயந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. உள்ளே இருப்பது மாபெரும் காந்தம். பெரும்பாலான வைத்தியசாலைகளில் உள்ளது 1.5 டெஸ்லா வலுக் கொண்டது. அதாவது பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு. நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர் அல்லவா? அந்தத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் காந்தத்துக்குள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையைச் செலுத்தினால் அவை சற்றுச் சாய்கின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை தருகின்றன. கொழுப்பில் ஒரு வேகம், தண்ணீரில் ஒரு வேகம், தழும்பில் வேறு வேகம். கணினி அதைக் கணக்கிட்டுத் துண்டு துண்டாகப் படம் வரைகிறது. அமெரிக்காவின் போல் லௌட்டர்பர் 1973இல் இதற்கு வழி காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அதை வளர்த்தெடுத்தார். இருவருக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

படத்தில் என் மருமகளின் மூளையில் இடப்பக்கப் பொட்டுக்கு உள்ளே ஒரு சிறு பகுதி சுருங்கித் தழும்பாகியிருந்தது. அதன் பெயர் ஹிப்போகாம்பஸ். கடல் குதிரையின் வடிவில் இருப்பதால் வந்த கிரேக்கப் பெயர். புதிதாகக் கற்பதை நினைவில் பதிய வைப்பது அதுதான். லண்டன் நகரத்தின் தெருக்களையெல்லாம் மனனம் செய்த டாக்ஸி சாரதிகளுக்கு அதன் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் இதே எம்.ஆர்.ஐ. மூலம் கண்டார்கள். என் மருமகளுக்கோ அந்த இடமே புண்பட்டிருந்தது. பயம், வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு, மறதி எல்லாம் அங்கிருந்துதான். நான் கவனக்குறைவு என்று கடிந்தது ஒரு தழும்பை!

தாய்மார்கள் பயந்துவிடாதீர்கள். காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும், பின்விளைவு இருக்காது. நீண்ட நேரம் இழுத்த சில பிள்ளைகளுக்கே இத்தகைய தழும்பு காணப்படுகிறது. எந்த வலிப்பும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்றும், ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்துக்கு அடங்காதவர்களில் சிலருக்குச் சத்திர சிகிச்சை உண்டு. 2001இல் வெளியான கனடா ஆய்வொன்றில், பொட்டுப் பகுதி வலிப்புள்ள 80 பேரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு வருடத்தில், சத்திர சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதத்தினரும் மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 8 சதவீதத்தினரும் நினைவிழக்கச் செய்யும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். நமக்கு அருகே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இச்சிகிச்சை நடைபெறுகிறது. எந்த இடத்தை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டும் வரைபடங்களில் எம்.ஆர்.ஐ. முக்கியமானது.

வலிப்பினால் துன்புற்ற ஒரு பெண் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்த வரலாறு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தன் ஆடை விலகிவிடுகிறதே என்பதே அவருடைய பெருங்கவலை. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கண்ணியம் கிடைத்தது! சுவர்க்கத்துப் பெண் என்றல்லவா இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அவரைக் காட்டினார்கள். நாமோ இப்படிப்பட்ட பெண்ணை அறைக்குள் பூட்டி வைக்கிறோம். பொறுமையின் சிறப்பைச் சொல்லும் அந்த ஹதீஸை, மருந்தே வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக்கக் கூடாது. சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அதே நபியவர்கள்தான்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். ஸ்கேனுக்குப் போகும்போது முக்காட்டு ஊசி, கொண்டை ஊசி, வளையல், மாலை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். ஊசியில்லாமல் கட்டக்கூடிய பருத்தி முக்காடு எடுத்துச் செல்லுங்கள். உடம்பில் உலோகம் பொருத்தியிருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் கிடக்க நேரலாம். தகரத்தில் அடிப்பது போலச் சத்தம் கேட்கும். வலி இல்லை. என் மருமகள் உள்ளே யாஸீன் ஓதிக்கொண்டு கிடந்தாளாம். ஸ்கேன் தெளிவாக இருந்தால் நோயே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். படத்தில் தெரியாத வலிப்பும் உண்டு.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். நோன்புக்காகவோ கர்ப்பமானதற்காகவோ மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. டொக்டரிடம் முன்பே பேசுங்கள். இது தொற்று நோயல்ல. திருமணத்துக்குத் தடையும் அல்ல.

என் மருமகள் இரு வேளை மாத்திரை எடுக்கிறாள். ஒரு வருடத்துக்கு மேலாக அது வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மறந்த ஜுஸ்உகளை மீண்டும் ஓதுகிறாள். முன்னைப் போல் வேகமில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் செல்கிறது. நான் கடிந்துகொள்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

இப்போதும் தண்ணீர் ஓதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். ஓதிக் கொடுக்கிறேன். கொடுக்கும்போதே, “டொக்டரிடம் எப்போது போகிறீர்கள்?” என்று கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியை என் ராத்தாவிடம் கேட்கத் தவறியதை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.