ஓட்டினால்தான் சோறு

2021-இல் கோவிட் வந்துபோன பிறகு அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போனது. சில மாதங்களில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னோம். ஆகவில்லை. பால் பொங்கிக் கருகி வீடே நாறினாலும் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பின்கட்டில் துணி காயப்போடும் அம்மாதான் ஓடிவருவார். இரண்டு முறை அப்படி நடந்த பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டார். "இனிமே நீங்க அடுப்பு பக்கமே வரவேணாம்."

கேட்பவர்களுக்கு அது சின்ன விஷயம். ஆனால் அப்பா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். கிள்ளானில் சரக்கு ஏற்றினால் ஒரு வாரம் ஜொகூர் பாரு, அடுத்த வாரம் பட்டர்வொர்த். கடையில் சாப்பிட்டால் சம்பளத்தில் மிச்சம் இருக்காது என்று ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு சட்டி, கொஞ்சம் அரிசி, நாலு சார்டின் டின் எப்போதும் லோரியில் இருக்கும். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். டயர் மறைவில் காற்றுப்படாமல் அடுப்பை வைத்து அவர் வைக்கும் சார்டின் குழம்பை அம்மாவாலும் வைக்க முடியாது. அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கோப்பிக்கும் இன்னொருவரைக் கேட்க வேண்டியதாயிற்று.

இதை மனத்தில் வைத்துத்தான் ஒரு பழைய வேனை வாங்கி, வார இறுதிகளில் அதை மோட்டார் ஹோமாக மாற்ற ஆரம்பித்தேன். படித்தது மின் பொறியியல் என்பதால் வயரிங்கை வெளியே கொடுக்கவில்லை. கட்டில், அலமாரி எல்லாம் சுலபமாக முடிந்தன. எந்த அடுப்பை வைப்பது என்பதில்தான் பேச்சு வந்தது.

"கேஸ் வச்சுக்கோலா, செலவு கம்மி," என்றான் உடன் வேலை செய்யும் நண்பன். அவன் சொன்னது கணக்குப்படி சரி. கேம்பிங் அடுப்பில் போடும் 250 கிராம் பியூட்டேன் கேனில் ஏறக்குறைய 3 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. என் வேனில் இருக்கும் இரண்டு 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகளும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் எடை. அவற்றில் அடங்குவது 2.5 கிலோவாட் மணிதான். கையடக்கக் கேன் ஒன்று அவற்றை முந்திவிடுகிறது.

ஆனால் சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து வெடித்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் அங்கே எரிவாயுவில் நாற்றம் சேர்க்கச் சட்டம் வந்தது. அந்த ஏற்பாடு முழுக்க மனிதனின் மூக்கை நம்பி நிற்கிறது. அப்பாவைப் பொறுத்தவரை எல்லா கேஸும் 1937-க்கு முந்தைய கேஸ்தான்.

அதோடு சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். வேனில் தரைக்கு ஒரு முழம் மேலேதான் அப்பாவின் படுக்கை. நண்பன் விடவில்லை. "அப்ப ஒரு கேஸ் அலாரம் மாட்டு." அலாரம் நல்லதுதான். ஆனால் முப்பது வருடம் எஞ்சின் சத்தத்திலேயே இருந்த காது தூக்கத்தில் அதைக் கேட்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பு என்று முடிவானது.

இண்டக்‌ஷனில் தீ கிடையாது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் சட்டியின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, சட்டியே சூடாகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம்தான். கேஸில் பாதிக்கு மேல் சூடு சட்டியைச் சுற்றி வீணாகப் போகும். இதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகிறது. சட்டியை எடுத்தால் தானாக நின்றுவிடும். டைமரும் உண்டு.

விலையை வேறு இடத்தில் கொடுக்கவேண்டும். 2000 வாட் அடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்க விரல் தடிமனில் கேபிள் வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வேண்டும். கேபிள் மெலிந்தால் அடுப்புக்குப் பதில் கேபிள்தான் சூடாகும்.

இன்னொரு விலையை அம்மா கொடுத்தார். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு அவருடைய பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷனுக்கு ஆகும். அலுமினியக் குண்டான் ஒட்டவில்லை. மண்சட்டி ஒட்டவில்லை. எவர்சில்வரில் பாதி ஒட்டியது, பாதி விழுந்தது. குவாலி ஒட்டியது, ஆனால் அடி உருண்டை, கண்ணாடிமேல் உட்காராது. பாட்டி தோட்டத்திலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல் மட்டும் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பாத்தியா, கிழவி கல்லு," என்றார் அம்மா. அதற்குமேல் அவருக்குச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சூட்டைக் குறைத்தால் அடுப்பு சிம்மில் எரியாமல் விட்டுவிட்டு வேலை செய்யும். ஐந்து நொடி கொதிக்கும், ஐந்து நொடி சும்மா இருக்கும். "இது அடுப்பா, டிராஃபிக் லைட்டா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்பளம் சுட முடியாது, கருவாடு சுட முடியாது. இண்டக்‌ஷன் எல்லாவற்றுக்கும் ஈடு என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டுச் சமையலைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குப் பிடித்தது அடுப்பைவிட அதன் கணக்கு. மூன்று பேருக்குச் சோறும் குழம்பும் வைக்க முக்கால் கிலோவாட் மணி ஆகும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 100 வாட் மணி. வேன் ஓடும்போது எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு 40 ஆம்பியர் ஏறும்படி வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு கிலோவாட் மணி சேரும். கூரையில் சோலார் உண்டு, மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது. இதையெல்லாம் விளக்கியதும் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப ரெண்டு மணி நேரம் ஓட்டினா ஒரு வேளைச் சோறு."

"ஆமாப்பா."

"லோரியிலயும் இதே கணக்குதான் பாப்பா. ஓட்டினாத்தான் சோறு."

முதல் பயணம் பேராக்கில் ஓர் ஆற்றோரம். அன்று இரவு சார்டின் குழம்பை அப்பாவே வைத்தார். கடுகு வெடிப்பதைக் காதை நீட்டிக் கேட்டார். வெங்காயத்தை நிறம் பார்த்து வதக்கினார். எத்தனை நிமிடம், எந்த எண்ணில் சூடு என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். அம்மா வெளியே பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாப்பிடும்போது அப்பா கேட்டார், "எப்படி இருக்கு?"

உப்பும் புளிப்பும் காரமும் அவருக்குத் தெரியும். அவை நாக்கின் வேலை. மீனின் வாசமும் கறிவேப்பிலை வாசமும் தெரியாது. குழம்பு குழம்பாவது அதில்தான். "அப்படியேதான் இருக்கு," என்றேன். பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அடுப்பை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அவர் இழந்ததை எந்த இயந்திரமும் திருப்பித் தராது. ஆனால் அதை இழந்ததற்காகச் சமையலறையையும் இழக்கவேண்டியதில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அம்மாவுக்காக ஒரு கேம்பிங் அடுப்பு உண்டு. அது வேனுக்கு வெளியே, பின்பக்கப் பெட்டியில், அப்பளத்துக்கும் கருவாட்டுக்கும் மட்டும். அந்தப் பெட்டியின் சாவி அம்மாவிடம்.

பேட்டரி மீட்டர் அப்பாவின் பொறுப்பு. இரவு படுக்கும் முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிப்பார். "அறுபத்திநாலு விழுக்காடு. காலையில கோப்பி, பசியாற தோசை. போதும்."