கோகர்ணத்துக் கரைவழி நடை

விடுமுறை நெருங்கியதும் சேலம், திருச்சி, நெல்லை என்று பிறந்த ஊர்த் திசைக்கே பயணச்சீட்டுத் தேடுவது பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அது இயல்பே. ஆயினும், நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டின் மேலைக் கடற்கரையில் தேவாரம் பெற்ற தலம் ஒன்று உண்டென்பதை அன்பர்களுள் பலர் மறந்தே போயினர். திருக்கோகர்ணம் என்னும் அத்தலத்தைச் சம்பந்தரும் அப்பரும் பாடியுள்ளனர். துளுவ நாட்டில் பாடல் பெற்ற தலம் அஃது ஒன்றே. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம் வேறு; இரண்டையும் மயங்குதல் வேண்டா.

இராவணன் கொணர்ந்த இலிங்கத்தைப் பிள்ளையார் நிலத்தில் வைத்துவிட, அவன் பற்றித் திருகியதில் அது பசுவின் செவி போலக் குழைந்தது என்பது தலக்கதை. கோவிலும் கோடி தீர்த்தமும் கண்டு திரும்புவோர் பலர். எனினும் ஊருக்குத் தெற்கே, கடலுக்குள் கால் நீட்டிய சிறு குன்றுகளும் அவற்றிடையே ஒடுங்கிய மணற்கரைகளுமாகச் செல்லும் ஆறேழு கிலோமீட்டர் நடைவழியைக் காணாமல் வருவது பாதிப் பயணமே. குட்லே, ஓம், அரைநிலா, பாரடைஸ் என நான்கு கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு குன்றேறி இறங்கினால் ஒரு கரை, அவ்வளவே கணக்கு.

இவ்வளவு எளிது என்று எண்ணித்தான் முதன்முறை நாம் ஏமாந்தோம். சிற்றுண்டி, கோவில், கடைத்தெரு எல்லாம் முடித்துப் பத்தரை மணிக்குக் குன்றேறினோம். மேலே செம்புரைக்கல் பாறைவெளி. ஒதுங்க நிழல் இல்லை. ஐவருக்கு இரண்டே புட்டி நீர். குட்லே மணலில் இறங்குமுன் இளையவன் வாந்தியெடுத்தான். அன்னையாரின் முழங்கால் வீங்கியது. ஓம் கரையைக் காணாமலே ஆட்டோவில் ஊர் திரும்பினோம். குற்றம் முழுவதும் நம்முடையதே. நடையை நம் காலால் அளந்தோமே தவிர, எழுபத்தொரு வயதுக் காலால் அளந்தோமில்லை.

சென்ற டிசம்பரில் மீண்டும் சென்றோம். பெங்களூரில் மாலை ஏறினால் ஹாசன், சகலேசபுரம், சுப்பிரமணியா மலைவழி கடந்து, காலையில் கோகர்ணம் ரோடு நிலையத்தில் இறக்கிவிடும் பஞ்சகங்கா விரைவு வண்டியே வசதி. முதல் நாளை ஓய்வுக்கும் கோவிலுக்கும் ஒதுக்கினோம். மறுநாள் ஆறரை மணிக்கே புறப்பட்டோம். மேலைக் கரையாதலின் காலைக் கதிரவன் குன்றுகளுக்குப் பின்னே எழுகிறான். மணல் நெடுநேரம் நிழலில் கிடக்கிறது. இந்த ஒன்றை அறிந்ததே பாதி வெற்றி. ஆளுக்கொரு புட்டி நீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு, சிறிது புளிச்சோறு. வேறு சுமை இல்லை.

முதியோர் எல்லாக் குன்றும் ஏற வேண்டியதில்லை. ஓம் கரையின் மேற்புறம் வரை வண்டிப்பாதை உண்டு. அங்கிருந்து படிகள் இறங்குகின்றன. பாறை நடுவே நீள, இருபுறமும் மணல் வளைந்து ஓங்கார வடிவு கொண்டமையால் அப்பெயர். அதற்கு அப்பால் அரைநிலாக் கரைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை கடலோரச் சரிவில் ஒட்டிச் செல்கிறது. சிறுவரைக் கையில் பிடித்தே நடக்க வேண்டும். பாரடைஸ் செல்லும் இறுதிப் பகுதி கற்பாறைகளின்மேல் கால்வைத்துத் தாவுவது; நாம் அதை விட்டுவிட்டோம். அதில் இழிவொன்றும் இல்லை. திரும்பும்போது கால் ஓய்ந்தால் பருவகாலத்தில் படகுகள் உண்டு. கூலியை ஏறுமுன் பேசிக்கொள்க; மிதவைச் சட்டை தராத படகில் ஏறற்க.

மழைக்காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, இவ்வழியை நினைக்கவும் வேண்டா. கடலும் கொடிது, மலையும் கொடிது. இதே மாவட்டத்து அங்கோலாவை அடுத்த சிரூரில் 2024 ஜூலை 16 அன்று நெடுஞ்சாலைமேல் மலை சரிந்தபோது மாண்டவருள் தமிழகத்து லாரி ஓட்டுநர்களும் இருந்தனர். இத்தாலியில் ஐந்து கடலோர மலையூர்களை இணைக்கும் சிங்குவே தெர்ரே என்னும் புகழ்பெற்ற நடைவழியிலும் அச்சம் இதுவே. அங்கே ஒரு கிலோமீட்டர்கூட நிறையாத ‘காதல் வழி’ 2012இல் கல் சரிந்து மூடப்பட்டு, 2024இல்தான் மீண்டும் திறந்தது.

அன்னையார் முதற்குன்றை மட்டும் ஏறுவதாக உடன்பாடு. பத்தடிக்கு ஒருமுறை நின்று, இருபது நிமிடத்து ஏற்றத்தை ஐம்பது நிமிடத்தில் முடித்தார். தந்தையார் வீட்டில் சிறுவயதில் மனனம் செய்த சம்பந்தர் பதிகத்தைச் சந்நிதியில் சொல்ல வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. முந்திய நாள் கூட்டம் நெருக்கியதில் ஓரடியும் சொல்ல இயலவில்லை. வாய் திறவாமலே வெளியே வந்தார். இப்போது பாறைமேல் அமர்ந்து, கோவில் இருந்த வடதிசை நோக்கித் தொடங்கினார். ஆறாம் பாட்டில் ஓரடி மறந்தது. பெங்களூரில் பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் பேசி வளரும் எம் மூத்த மகள் கைப்பேசியில் அப்பதிகத்தைத் தேடியெடுத்து, எழுத்துக்கூட்டி அந்த அடியை எடுத்துக் கொடுத்தாள். பாட்டி இரண்டிடத்தில் உச்சரிப்பைத் திருத்திவிட்டு மேலே தொடர்ந்தார்.

பிறகு அவர் ஆட்டோவில் ஓம் கரைக்கு வர, நாம் குட்லே வழியே நடந்து சேர்ந்தோம். “இடையில் இருந்த அந்தக் குன்று எவ்வளவு உயரம்?” என்று அவர் கேட்டார். முதற்குன்றினும் தாழ்வே என்றோம். அன்று முதல் மாலைதோறும் அல்சூர் ஏரிக்கரையில் நடந்து வருகிறார்.