"சோறு இல்லீங், சேமியாதானுங்"

எங்க சூலூர் பக்கம் சர்க்கரைக்காரங்க வீட்டு அலமாரியில எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத மருந்து ஒண்ணு இருக்கும். சேமியா பாக்கெட்.

"ராத்திரி சோறு தொடறதே இல்லீங் சார், சேமியாதானுங்." வாரத்துக்கு நாலு பேராவது இதைப் பெருமையாச் சொல்றாங்க. கையில இருக்கற ரிப்போர்ட்டுல வெறும் வயித்து சர்க்கரை 180-ஐத் தாண்டி நிக்குது.

சேமியா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்க அம்மிச்சி காலத்துல சந்தகை சாப்பிடணும்னா அரிசியை ஊறவெச்சு, ஆட்டி, இட்லியா வேகவெச்சு, சூடு ஆறுறதுக்குள்ள பிழியணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். மில்லுல ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பத்து மணிக்கு வீடு வர்ற பொம்பளைக்கு அது நடக்கற காரியமா? மாசக்கணக்குல கெடாம இருந்து, பத்தே நிமிஷத்துல வேகற பாக்கெட்தான் அவங்களுக்குத் துணை.

திண்டுக்கல் அணில் சேமியா நமக்கு ரொம்ப நாள் பழக்கம். இப்ப அதே அடுக்குல டப்பா பாஸ்தாவும் வந்து உக்காந்துடுச்சு. ரெண்டும் ஒரே குடும்பம்தான். கோதுமையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, அச்சுல அழுத்திக் காயவெச்சது. இத்தாலிக்காரங்க டியூரம்ங்கற கெட்டிக் கோதுமையோட ரவையில செய்வாங்க. நம்ம பாக்கெட்ல ரவையும் இருக்கலாம், மைதாவும் இருக்கலாம்.

"கோதுமைதானுங்களே, அரிசி இல்லையே?" இங்கதான் சிக்கல். காய்ஞ்ச சேமியா 100 கிராம்ல மாவுச்சத்து சுமார் 75 கிராம். பச்சரிசியிலயும் கிட்டத்தட்ட அதேதான். புரதம் மட்டும் சேமியாவுல கொஞ்சம் கூட.

போன மாசம் வந்த ஒரு அம்மாகிட்ட, "எத்தனை சேமியா போடுவீங்க?"ன்னு கேட்டேன். "200 கிராம் பாக்கெட்டுங், எனக்கும் அவருக்கும் சரியா இருக்கும்" அப்படின்னாங்க. ஆளுக்கு 100 கிராம். ஏறக்குறைய ஆறு இட்லியோட மாவுச்சத்து! இட்லின்னா மூணாவதுக்கே யோசிக்கற அம்மா அவங்க. உப்புமாவுக்கு எண்ணிக்கை கிடையாதே, அதனால கணக்குல வராமலே போயிடுது.

"பாஸ்தா சர்க்கரையை மெதுவாத்தான் ஏத்தும்னு நெட்ல போட்டிருக்கே சார்"னு படிச்ச பசங்க கேப்பாங்க. சரியான கேள்வி. 1981-ல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கிளைசீமிக் குறியீட்டுப் பட்டியல் வெளியிட்டப்பவே ஸ்பாகெட்டி சோத்தை விடக் கீழதான் இருந்தது. மாவு இறுக்கமா இருக்கறதால செரிக்க நேரம் எடுக்கும். ஆனா குழைய வேகவெச்சா அந்த லாபம் குறையும். நாம மெல்லிசு சேமியாவைக் கொழகொழன்னு ஆக்கிட்டு ஸ்பாகெட்டியோட நம்பரைக் கடன் வாங்கக் கூடாது. அளவு ரெண்டு மடங்கானா எந்த நம்பரும் காப்பாத்தாது.

அந்த அம்மாவுக்கு நான் சேமியாவை நிறுத்தச் சொல்லலை. ஆளுக்கு 50 கிராம், அதுவும் காயும்போதே எடை போட்டு. அதே அளவுக்குக் குறையாம பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ். கூட ஒரு முட்டை, இல்லைன்னா ஒரு கிண்ணம் சுண்டல். "காயி இத்தனையாங்? அப்புறம் அது உப்புமா இல்லீங், பொரியலுங்"ன்னு சிரிச்சாங்க. பொரியலாவே இருக்கட்டுமுங்க!

ராகி சேமியா வாங்கறவங்க பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எது எடையில அதிகமோ அதைத்தான் மூலப்பொருள் பட்டியல்ல முதல்ல போடணும்ங்கறது சட்டம். மைதாவோ கோதுமையோ முதல்ல நின்னா, ராகி பேருக்குத்தான்.

ஒரு முக்கியமான விஷயம். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க, இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரியே சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டாம். மருந்து அதே அளவுல இருந்து சாப்பாடு மட்டும் குறைஞ்சா, நடுராத்திரி வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழ போயிடலாம். முதல்ல உங்க டாக்டரைப் பாத்து அளவை மாத்திக்கோங்க. அதுக்கு முன்னாடியே அப்படி ஆச்சுன்னா, நினைவு இருக்கறப்பவே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டு, 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க.