வேலிக்கு உள்ளே ஒரு பார்வை, வெளியே ஒரு பார்வை

‘மகளைப் பரமக்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி ஊரில் எரிவாயு சோதனைக் கிணறு வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். நிலம் பாழாகிவிடும் என்கிறார்கள் சிலர். கிணறு ஓடுகிற ஊருக்கு வந்து பாருங்கள், பயம் தெளியும் என்கிறார்கள் வேறு சிலர். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமா?’

ரெட்டியார்சத்திரம் வாசகர் ஒருவரின் கேள்வி இது. நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அவரையும் அவர் ஊர் விவசாயிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நெடுவாசலுக்குக் கிளம்பினோம்.

திண்டுக்கல் சமவெளிக்கு இந்தக் கவலை இல்லை. இங்கே அடியில் கிடப்பது மலைக்கோட்டையைத் தாங்கி நிற்கிற மாதிரி கெட்டிப் பாறை. எரிவாயு இருப்பது மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பூமியில். புதுச்சேரி தொடங்கி ராமநாதபுரம் வரை நீளும் காவிரிப் படுகை அப்படிப்பட்டது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற செய்தி வந்ததும், அனுமதிக்க மாட்டோம் என்று தமிழக அரசு சொன்னது. வாசகரின் சம்பந்தி ஊரில் பேச்சு கிளம்பியது அதனால்தான்.

புறப்படும் முன் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பழைய கிணறுகள் சிலவற்றை எட்டிப் பார்த்தோம். எரிவாயுவைப் பற்றிப் பேச தோல் ஷாப்பு எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னபோது, நம் பகுதிக் கணக்கு ஒன்றும் அதில் இடம்பெற்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. ஒரு கிணறு வெட்டவே போதாத காசு என்று கூட வந்த பெரியவர் முனகினார். அந்தக் காலத்தில் ஆலைக்குள் போய்ப் பார்த்திருந்தால் நாலு பேருக்கு வேலையும், ஒழுங்காக அடுக்கிய தோலும்தான் கண்ணில் பட்டிருக்கும். கெடுதல் தெரிந்தது பள்ளத்துக் கிணற்றில், அதுவும் வருடங்கள் கழித்து.

அய்யலூர், மணப்பாறை, திருச்சி, புதுக்கோட்டை வழியாக ஆலங்குடி தாண்டினால் பூமியே வேறு. தென்னை, வாழை, பலா, கடலை. கீரமங்கலம் பக்கம் பூந்தோட்டங்கள். நிலக்கோட்டைப் பூக்காரர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும். எல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் கெட்டால் மறு வழி கிடையாது.

நெடுவாசல் வட்டாரத்துக்கு எரிவாயுத் தேடல் 2017-ல் புதிதாக வந்ததல்ல. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு போன்ற ஊர்களில் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி சோதனைக் கிணறு இறக்கியிருந்தார்கள். அன்று பெரிய எதிர்ப்பு இல்லை. 2017 பிப்ரவரி 15-ல் மத்திய அமைச்சரவை நெடுவாசலையும் சேர்த்து 31 இடங்களுக்கு ஒப்புதல் தந்தது. மறுநாளே போராட்டம் தொடங்கியது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியூர் மாணவர்களும் விவசாயிகளும் சாரை சாரையாக வந்தார்கள். வந்தவர்கள் நெடுவாசல் பந்தலோடு திரும்பவில்லை, நல்லாண்டார்கொல்லைக் கிணற்றையும் போய்ப் பார்த்தார்கள். யாரும் சீண்டாமல் கிடந்த இரும்புக் குழாய் ஊரின் சாட்சியாகிவிட்டது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் அடங்கியது. ராமநாதபுரம் அதில் இல்லை.

நாங்கள் பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன். சும்மா கிடக்கிற சோதனைக் கிணறு எதையும் நிரூபிக்காது. பக்கத்துத் தென்னை காய்த்தால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதும், ஒரு மரம் பட்டுப்போனால் ‘இதனால்தான்’ என்பதும் ஒரே மாதிரி அவசரம். காசும் ஆபத்தும் வருவது உற்பத்தி ஓடும்போது. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ல் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியதை ஊரே பார்த்தது. அதன்பிறகு எந்த விளக்கமும் அங்கே எடுபடவில்லை.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் டிமாக் என்ற சிற்றூர். 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு மீத்தேன் சேர்ந்து வெடித்தது. பிறகு அந்த ஊருக்கு எதிர்ப்பாளர்கள் பஸ் வைத்து ஆள் கூட்டி வந்தார்கள். எரிவாயுவை ஆதரித்த உள்ளூர்க்காரர்கள் எங்கள் கதையையும் கேளுங்கள் என்றார்கள். 2022-ல்தான் அந்தக் கம்பெனி, ஊருக்குப் புதிய குடிநீர்க் குழாய் போடச் செலவு தர நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கிணறு வெடித்துப் பதின்மூன்று வருடம் கழித்து!

ஆகவே வாசகருக்கு: சம்பந்தி தாராளமாகப் போய்ப் பார்க்கட்டும். ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்பதை அழைக்கிறவர் முடிவு செய்ய விடவேண்டாம். பத்து வருடமாவது உற்பத்தி நடக்கிற இடமாக இருக்கட்டும். வேலிக்குள் அரை மணி நேரம் போதும், மிச்சப் பொழுதை வெளியே பள்ளத்து வயல்காரர்களோடு கழிக்கட்டும். வாயுவோடு மேலே வரும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது, குத்தகை முடிந்த நிலம் எந்த நிலையில் திரும்பி வந்தது, இந்த இரண்டையும் கேட்காமல் திரும்பக் கூடாது. உப்பின் அளவு காட்டும் சின்ன இ.சி. மீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால், சொந்தக் கிணற்றுத் தண்ணீரை இப்போதே அரசு மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, தேதி போட்ட அறிக்கை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கிணறு கெட்டபிறகு, முன்பு நன்றாக இருந்தது என்று சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும். தோல் ஷாப்புக் காலத்தில் நம்மில் பலரிடம் அது இல்லை.