தனுஷ்கோடியில் ஊத்துத் தண்ணி

ராமேஸ்வரம் போகிற சகோதரிகளே, 22 தீர்த்தமும் ஆடின கையோடு ரயிலேறிவிடாதீர்கள். இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் போனால் தனுஷ்கோடி. 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். நிழல் கிடையாது, பெரியவர்களைக் கூட்டிப் போனால் குடையை மறக்க வேண்டாம்.

ஒரு காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போகலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் பயணிகளோடு கடல் கொண்டுபோய்விட்டது.

என் மாமனாருக்கு அதுதான் சொந்த ஊர். அப்போது 9 வயசு. அத்தையின் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு பரமக்குடி போயிருந்ததால் தப்பினார்கள். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். "புயல் கதை சொல்லுங்க தாத்தா" என்று பிள்ளைகள் நச்சரித்தால், "அது கெடக்கு, விடு" என்று எழுந்து போய்விடுவார்.

போன மாசம் அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். இடிந்த சர்ச் பக்கத்தில் பேசாமல் நின்றார். என் சின்னவளுக்குத் தாகம். "இங்க குழாயே இல்லியே தாத்தா, நீங்கல்லாம் எங்க தண்ணி குடிச்சீங்க?" என்றாள்.

"குழாய் எதுக்கு ஆத்தா?" என்று சிரித்தார். மீனவர் குடிசைகள் பக்கம் மணலில் தோண்டியிருந்த ஊத்தைக் காட்டினார். சுற்றிலும் உப்புக் கடல், நடுவே குடிக்கிற தண்ணீர்! மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்குமாம். ஆழமாகத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். அதனால் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ள வேண்டும். குடம் நிறைய அரைமணி ஆகுமாம்.

"அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"பேசிக்கிட்டிருப்போம். நானும் அடுத்த வீட்டுப் பயலும்."

"அவன் பேரு என்ன தாத்தா?"

சொன்னார். கல்யாணமாகி இந்த 19 வருஷத்தில் நான் கேட்டிராத பேர். அந்தக் குடும்பம் எங்கேயும் போகவில்லை, ஊரிலேயே இருந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கோலி ஆடுவானா?" என்றாள்.

இப்போதெல்லாம் நான் கீரை ஆய உட்கார்ந்தால் இரண்டு பேரும் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். புயலை யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் விறகை எங்கே வைப்பீர்கள், பள்ளிக்கூடத்துக்குச் செருப்புப் போட்டீர்களா என்று இப்படித்தான் கேள்வி. நேற்று கருவாடு காயவைக்கும் பக்குவம் சொன்னார். என் மாமியார்கூட அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.