ஊட்டி உயரத்தில் ஒரு கொட்டகை

ஏப்ரல் 9, மண்டி மொஹல்லா, மைசூர்

மைசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு ஃப்ளைபஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கிருந்து துபாய், பிறகு சான் பிரான்சிஸ்கோ. இரண்டாவது விமானம் மட்டுமே ஏறக்குறைய பதினாறு மணி நேரம். “பொண்ணைப் பார்க்கப் போறியா, படம் பார்க்கப் போறியா?” என்கிறார் இவர். இரண்டுக்கும்தான். பார்க்க வேண்டும் என்று தள்ளிப்போட்ட படங்களின் பெயரெல்லாம் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன.

ஏப்ரல் 10, பெங்களூரு – துபாய்

‘சூரரைப் போற்று’, மறுபடி. 2020 நவம்பரில், கொரோனா காலத்தில், தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்த படம். நம்மில் பலர் அதைப் போனில்தான் பார்த்தோம். முன்சீட்டின் முதுகில் இருக்கிற இந்தத் திரை அதைவிடப் பெரிது. கதைக்கு மூலம் ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கை. அவர் பிறந்த மேல்கோட்டை எங்களுக்குப் பக்கம். ஹாசன் மாவட்டத்துக் கோரூர் அவருடைய ஊர். இயக்குநர் சுதா கொங்கரா அவரை மதுரைப் பக்கம் சோழவந்தானுக்குக் கொண்டுபோய் நெடுமாறன் ஆக்கிவிட்டார். மைசூர்க்காரிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சூர்யா கையேந்துகிறார். டிக்கெட் வாங்கி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு இந்தக் காட்சி வீட்டு சோபாவில் தைத்ததைவிட ஆழமாகத் தைக்கிறது. அதற்குப் பின் வருகிற ஊர்வசியின் அழுகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பார்க்கத்தான் வேண்டும். பரேஷ் ராவலின் வில்லன் மட்டும் அட்டையில் வெட்டி வைத்த ஆள்.

ஏப்ரல் 10, துபாய்க்குப் பிறகு

பக்கத்து சீட்டில் கோபிசெட்டிபாளையத்து அம்மா ஒருவர். பேரனைப் பார்க்க முதல் தடவையாகப் பறக்கிறார். “ஏனுங்க கண்ணு, இதுல எம்ஜியார் படம் ஏதாச்சும் வருமுங்களா?” தேடிப் பார்த்தேன். தமிழில் இருந்த கொஞ்சமும் புதுப் படங்கள்; கன்னடம் அதைவிடக் குறைவு. “அப்ப அந்த ஏரோப்ளேன் போற படத்தையே வெய்யுங்க” என்றார். மேப்பைப் போட்டுக் கொடுத்தேன். காஸ்பியன் கடல் தாண்டும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார்.

நான் ‘ஓப்பன்ஹைமர்’ பார்த்தேன். ஐமாக்ஸ் திரைக்கென்று நோலன் எடுத்த மூன்று மணி நேரப் படம். 1945 ஜூலை 16, டிரினிட்டி அணுகுண்டுச் சோதனை. குண்டு வெடிக்கிற இடத்தில் அவர் சத்தத்தை எடுத்துவிடுகிறார். முதலில் வெளிச்சம், வெகுநேரம் கழித்தே இடி. விமானத்தில் மௌனம் ஏது? என்ஜின் இரைச்சல் உள்ளே புகுந்து, படத்தின் உச்சம் வெறும் மஞ்சள் வெளிச்சமாகப் போய்விட்டது. அதே படத்தில் சின்ன அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தரைக் குடைகிற விசாரணைக் காட்சிகளுக்கு ஒரு சேதமும் இல்லை. கிலியன் மர்ஃபியின் முகம் இந்தச் சின்னச் சதுரத்துக்குள் தாராளமாக அடங்குகிறது.

அதே நாள், மணி தெரியவில்லை

‘மெய்யழகன்’. 2024 செப்டம்பரில் வந்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம். இழுவை என்ற பேச்சு கிளம்பியதும், வெளியான சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அரவிந்த்சாமி, பல வருஷம் கழித்து நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிறார். ‘அத்தான் அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். இவ்வளவுதான் கதை, மற்றதெல்லாம் பேச்சு.

தரையில் இருக்கிறவனுக்குக் கடைசி பஸ், பார்க்கிங், காலையில் ஆபீஸ். இங்கே யாரும் எங்கேயும் எழுந்து போக முடியாது. பேசட்டுமே என்று விடுகிறோம்; விட்டபிறகுதான் கார்த்தியின் ஓயாத பேச்சு அரவிந்த்சாமியின் முகத்தை எப்படி இளக்குகிறது என்று தெரிகிறது. இந்தப் படத்தில் நீளம்தான் மருந்து. அளவைக் குறைத்தால் வேலை செய்யாது. இதே இயக்குநர் பிரேம்குமாரின் ‘96’-ம் அப்படித்தான், ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசுவது.

பிறகு ‘பெர்ஃபெக்ட் டேஸ்’. டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவுகிறவரின் கதை. 2023இல் கான் விழாவில் கோஜி யாகுஷோவுக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம். என் சீட்டுக்குப் பின்னால் டாய்லெட், எப்போதும் வரிசை. கடைசியில் அந்த மனிதர் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்து, அழுது, மறுபடி சிரிக்கிற நீண்ட ஷாட்டை, ஒருவர் முழங்கை என் தலையில் இடிக்க இடிக்கப் பார்த்தேன். அப்படியும் படம் நின்றது.

ஏப்ரல் 14, சன்னிவேல், மகள் வீடு

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி ஆயிற்று. “ஃப்ளைட்ல அழுதியாம்மா?” என்றாள் மகள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதுபோல்தான் இருக்குமாம். அதனால்தான் கண் சீக்கிரம் கலங்குகிறது என்கிறார் மாப்பிள்ளை. ஊட்டி சுமார் 7,350 அடி. ஊட்டியில் படம் பார்க்கிறவர்கள் எல்லோரும் அழுதுகொண்டா இருக்கிறார்கள்? அழ வைத்தது படமா உயரமா என்று அறிய ஒரே வழி, அதே படத்தைத் தரையில் இன்னொரு தடவை பார்ப்பதுதான்.

வானத்தில் படம் காட்டுவது புதிதல்ல. 1921இல் சிகாகோவுக்கு மேலே பறந்த ஒரு கடல் விமானத்தில் ஊரைப் பற்றிய சின்னப் படம் ஓட்டினார்கள். 1925இல் இம்பீரியல் ஏர்வேஸ் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ என்ற ஊமைப் படத்தைக் காட்டியது. 1961இல் டிடபிள்யூஏ முதல் வகுப்புப் பயணிகளுக்கு ஒழுங்காகப் படம் போடத் தொடங்கியது. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே திரை, ஒரே படம். இன்றைக்கு ஆளுக்கொரு திரை. அந்தக் கோபி அம்மாவுக்கு ஒரு எம்ஜிஆர் படம் வைக்க மட்டும் இடமில்லை.

மே 20, மண்டி மொஹல்லா

ஊர் திரும்பித் தூக்கம் பிடிக்காத இரவுகளில் சோதனையை முடித்துவிட்டேன். ‘மெய்யழகன்’ வீட்டிலும் கண்ணை நனைத்தது. ஆகவே அது படத்தின் வேலைதான். ‘ஓப்பன்ஹைமர்’ வெடிப்பு, சாத்திய அறையில் மூச்சை நிறுத்தியது. ஆகவே விமானத்தில் அதற்கு நடந்தது அநியாயம்.

பறக்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பிரம்மாண்டத்தைத் தியேட்டருக்கு விட்டுவிடுங்கள். இழுவை என்று ஊர் ஒதுக்கிய படம், மூன்று மணி நேரமா என்று நீங்கள் தள்ளிப்போட்ட படம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சையும் முகத்தையும் நம்பிய படம் எவ்வளவு சின்னத் திரையிலும் பிழைக்கும். அதை வெட்டுவதற்கு முன் தயாரிப்பாளர்கள் ஒரு தடவை சான் பிரான்சிஸ்கோ போய்வரட்டும்.