காற்று ஆளும் வயோமிங் சாலை... டிரெய்லருக்கு எந்த ஹிட்ச் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி ஊரைத் தாண்டி மேற்கே போகும் இன்டர்ஸ்டேட் 80 சாலையில் மரத்தைப் பார்ப்பதே அபூர்வம். இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி, தெற்கே எல்க் மலை, சாலையோரம் வரிசையாகப் பனித்தடுப்பு வேலிகள். மற்றபடி எல்லாம் காற்றுதான்!

பழைய லிங்கன் நெடுஞ்சாலை, மெடிசின் போ ஊர் வழியாக வடக்கே சுற்றிப் போனது. தூரத்தைக் குறைக்க மலையடிவாரத்தை ஒட்டிப் புதுப்பாதை போட்டு, 1970-ல் திறந்தார்கள். காற்று பொல்லாதது என்று பண்ணைக்காரர்கள் அப்போதே எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்? இன்றும் காற்று வலுத்தால், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்குத் தடை என்று மின்பலகைகள் ஒளிரும்.

கோடை விடுமுறையில் டென்வர் பக்கமிருந்து யெல்லோஸ்டோனுக்கு டிராவல் டிரெய்லரை இழுத்துச் செல்லும் பல குடும்பங்கள் இந்தச் சாலையைத் தொட்டுத்தான் போகின்றன. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள சக்கர வீடு அது. பக்கவாட்டில் காற்று அறைந்தால் அதன் வால் ஆடும். ஆட்டம் முற்றினால் முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். பின்சீட்டில் இருப்பது குழந்தைகள் என்பதால், ஹிட்ச் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

நம் ஊரில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் உடனே புரியும். கதை இங்கும் அதேதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் அதன் மூக்கில், அதாவது ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் வால் ஆடும். சரியாகவே இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. 340 கிலோ மூக்கு எடை, பிக்அப்பின் பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் ஏறக்குறைய 140 கிலோ எடையை இழக்கும். ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

எடையைப் பகிரும் ஹிட்ச் இதைத்தான் சரிசெய்கிறது. அதன் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோல்போல வேலை செய்து, பாரத்தின் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுகின்றன. ஆனால், வண்டியின் இழுவைத் திறனை இது ஒரு கிலோகூடக் கூட்டாது.

கடைக்குப் போகும் முன் எடை போடுங்கள். விளம்பரத் தாளில் இருப்பது காலி டிரெய்லரின் எடை. மூக்கிலேயே உட்காரும் இரண்டு கேஸ் சிலிண்டர்களும் பேட்டரியும் மட்டுமே 60 கிலோ வரும். லாரிகள் நிற்கும் பெரிய பங்க்குகளில் எடைமேடை உண்டு. சாமான் ஏற்றி, டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒருமுறை. பிக்அப்பின் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே மூக்கு எடை. சில டாலர்களில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று மிகப் பெரிய ஹிட்சை வாங்குவது வீண்செலவு. கம்பி தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் வண்டி தூக்கிப் போடும். பலம் குறைந்தால் எடை நகராது.

விலையைப் பார்க்கலாம். சங்கிலி மாட்டும் எளிய வகை சுமார் 300 டாலரிலிருந்து கிடைக்கிறது. எடையைப் பகிரும், ஆட்டத்தை அடக்காது. அதற்குத் தனியாக உராய்வுக் கம்பி வாங்கி மாட்ட வேண்டும். மழையில் அதன் பிடி குறையும், வளைத்து ரிவர்ஸ் எடுக்கும் முன் கழற்றவும் வேண்டும். ஆட்டத் தடுப்பு உள்ளேயே அமைந்த வகைகள் சுமார் 500 முதல் 900 டாலர். ஹென்ஸ்லி, புரோபிரைடு போன்றவை ஆட்டத்தின் வேரையே அறுப்பவை; ஆனால் விலை ஆயிரக்கணக்கில்! வயோமிங் போன்ற காற்றுப் பாதைக்கு, நடுத்தரக் குடும்பத்துக்கு நடு வகைதான் நியாயமான தேர்வு. பழையதை வாங்கினால் பாதி விலையிலும் அமையும். கம்பி வளைந்திருக்கிறதா, தலைப்பகுதியில் விரிசல் உண்டா, உயரம் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

எந்த ஹிட்ச் ஆனாலும், ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். தடைப் பலகை எரிந்தால் லாரமியிலேயே தங்கிவிடுங்கள். காற்று பெரும்பாலும் இரவில் கொஞ்சம் தணியும்.

புது ஹிட்ச் என்றால், ராலின்ஸில் வடக்கே திரும்பும் முன் வண்டியை ஓரங்கட்டி போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முதல் 100 கிலோமீட்டரில் அவை கொஞ்சம் தளர்வது வழக்கம்.